பழைய விளையாட்டுப் பெட்டியின் பழுது

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, வெள்ளவத்தையிலுள்ள காலஞ்சென்ற நம் நண்பரொருவரின் இல்லத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நண்பரின் மகள். உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்பவர். "மாமா, அப்பாவின் அட்டாரிப் பெட்டி வேலை செய்யவில்லை. கடையிற் கொடுத்துப் பார்த்தோம். பலகை எரிந்துவிட்டது, எறிந்துவிடுங்கள் என்கிறார்கள். நாங்கள் இந்த மாத முடிவில் வீடு மாறுகிறோம். ஓடாத பொருள் ஒன்றையும் புது வீட்டுக்குக் கொண்டுபோக அம்மா சம்மதிக்க மாட்டாராம்" என்றார். குரல் தளதளத்தது. நண்பர் மறைந்து அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை.

அப்பெட்டியை நாம் நன்கு அறிவோம். நண்பர் இலண்டனிற் கணக்கியல் படித்த காலத்தில், 1982 ஆம் ஆண்டு, பகுதிநேர வேலையிற் சேர்த்த பணத்தில் வாங்கியது. நாடு திரும்பியபோது புத்தகங்களை அங்கேயே விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருடைய தாயார் நெடுநாள் குறைப்பட்டுக்கொண்டதும் நமக்கு நினைவிருக்கிறது.

வாசகர்களில் இளையோர் பலர் இப்பெட்டியைக் கண்டிருக்கமாட்டார்கள் ஆதலின் இரண்டொரு சொல் சொல்வோம். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலிருந்த அட்டாரி நிறுவனம் 1977 ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. முதலில் 'வீடியோக் கணினித் தொகுதி' என்று பொருள்படும் பெயரே இதற்கு இருந்தது. '2600' என்னும் பெயர் 1982 இலேதான் நிலைத்தது. மரக்கோடுகள் வரைந்த முகப்பு, மேலே நெம்பாளிகள், நடுவே விளையாட்டுப் பேழையைச் செருகும் துவாரம், பின்னே தொலைக்காட்சிக்குச் செல்லும் வடம்: இவ்வளவே வெளித்தோற்றம். உள்ளே மூன்று முக்கியமான ஐ.சி. சிப்புகள். கணக்கிடுவது 6507, நினைவகமும் நெம்பாளிகளின் நிலையறியும் வாயில்களும் அடங்கியது 6532, படத்தையும் ஒலியையும் ஆக்குவது, ஜே மைனர் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவான 'ரியா'.

மொத்த நினைவகம் 128 பைற்றுகள். பிழை அச்சிட்டுவிட்டார்கள் என்று எண்ணவேண்டாம், 128 தான். ஒரு முழுப் படத்தைச் சேமித்து வைக்க இது எந்த மூலைக்கும் போதாது. எனவே, தொலைக்காட்சித் திரையில் மின்கற்றை ஒவ்வொரு கோடாக வரைந்து செல்லும்போதே, 6507 அதனோடு ஓடி அந்தந்தக் கோட்டில் என்ன தோன்றவேண்டுமென்று ரியாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு அதற்குக் கிடைப்பவை 76 துடிப்புகள் மாத்திரமே. இத்தகைய பெட்டியை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடைக்காரர் இரண்டு நிமிடத்திற் பார்த்து 'பலகை எரிந்தது' என்றால், நமக்குச் சினம் வருவது இயல்பே. ஆயினும் அவரையும் முழுதாகக் குறை கூறோம். இன்று அவரிடம் வருவன பெரும்பாலும் கைத்தொலைபேசிகள். அவற்றிற் பழுதைத் தேடுவதிலும் பலகையை மாற்றுவதே மலிவு.

மறுநாள் பன்மானி ஒன்றையும், பற்றாசுக்கோலையும், ஒரு சிறு போத்தல் ஐசோபுரொப்பைல் அற்ககோலையும் எடுத்துக்கொண்டு சென்றோம். நண்பரின் துணைவியார் தேநீர் தந்தார். ஆனால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகள் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். அறையின் மூலையில் பழைய, தடித்த கண்ணாடிக் குழாயுடைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விளையாட்டுப் பெட்டியினுள் ஓடுவது ஒன்பது வோல்ற்று நேர்மின். அது உங்களைக் கொல்லாது. அந்தப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியோ வேறு சாதி. அதன் குழாயில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். செருகியைக் கழற்றிய பின்னும் அது தங்கியிருக்கக்கூடும். அதன் முதுகை எக்காரணங்கொண்டும் திறவாதீர்கள். சுவர்ச் செருகியோடு சேர்ந்த மின்வழங்கிப் பெட்டியையும் திறக்கவேண்டாம்; அதனுள் 230 வோல்ற்று இருக்கிறது.

முதலிற் பெட்டியைத் தொலைக்காட்சியோடு இணைத்து நெம்பாளியைப் போட்டோம். திரையில் இரைச்சற் புள்ளிகள் மாத்திரமே, மழை பெய்வதுபோல. இதைக் கண்டவுடன் பெட்டியைத் திறக்க முற்படுவோர் பலர். நாம் திறக்கவில்லை. இந்தப் புள்ளி மழை ஒரு செய்தி சொல்கிறது. விளையாட்டுப் பெட்டியினுள் ஒரு சிறு ஒலிபரப்பி உண்டு, மொடியூலேற்றர் என்பர். பிரித்தானியாவில் விற்ற பெட்டிகளில் அது 36 ஆம் அலைவரிசையின் அருகே பேசும். அது உயிரோடிருந்து, தொலைக்காட்சியும் அதே இடத்திற் செவி சாய்த்திருந்தால், படம் வராவிட்டாலும் புள்ளி மழை நின்று திரை கறுத்துவிடும். மழை நிற்கவில்லை என்றால், ஒன்று தொலைக்காட்சி வேறிடத்தைக் கேட்கிறது. அல்லது பெட்டிக்கு மின்னே செல்லவில்லை. அலைவரிசையை மெல்ல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தோம். மழை நிற்கவில்லை. ஆகவே மின்னைத் தேடலாயினோம்.

மின்வழங்கியின் செருகியிற் பன்மானியை வைத்தோம். சுழி. வடத்தைச் செருகியின் கழுத்தருகே சற்று வளைத்தோம்; முள் துள்ளிப் பதின்மூன்றைக் காட்டி, மறுபடி சுழிக்கு வந்தது. வடத்தின் செப்பு இழைகள் கழுத்தில் முறிந்திருந்தன. கடைக்காரர் அளந்து பார்க்கவே இல்லை என்பது அப்போதே தெளிவாயிற்று.

ஆனால் மகள் வேறொன்றைக் கவனித்தார். "மாமா, இதில் 9 வோல்ற் என்றல்லவா எழுதியிருக்கிறது? 13 காட்டுகிறதே! இதனாலேதான் எரிந்ததோ?" நல்ல கேள்வி, இதிலே இடறுவோர் அநேகர். அக்காலத்து மின்வழங்கி சீர்ப்படுத்தப்படாதது. உள்ளே ஒரு நிலைமாற்றியும் சில இருவாயிகளும் மாத்திரமே. சுமை ஏதுமில்லாதபோது அதன் அழுத்தம் மேலெழுந்து பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று காட்டும். அரை அம்பியர் அளவில் இழுக்கும்போது ஒன்பதை அண்டி இறங்கும். அட்டையில் எழுதியிருப்பது சுமை தாங்கும்போது உள்ள அளவு. எனவே பதின்மூன்று பழுதன்று.

வடத்தை வெட்டிப் புதிய செருகி பொருத்தினோம். இது தலையணி ஒலிவாங்கியின் செருகியை ஒத்த 3.5 மில்லிமீற்றர்ச் செருகி. நுனி நேர், தண்டு மறை. இசைக் கருவிகளுக்கென இன்று கடைகளில் விற்கும் ஒன்பது வோல்ற்று வழங்கிகளிற் பல இதற்கு நேர்மாறானவை. நுனியை மாற்றி அப்படியே குத்திப் பெட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு. நாமே மாணவப் பருவத்தில் ஒரு வானொலிக்கு இவ்வாறு திசைமாற்றிப் பற்றவைத்து, மணம் எழுந்த பின்னரே அளந்து பார்த்தோம். அவ்வானொலியின் சொந்தக்காரர் அதன்பின் நம்மை வீட்டுக்கு அழைத்ததில்லை. ஆதலால் இம்முறை பற்றவைத்தபின் இருமுறை அளந்தோம். இன்னுமொன்று: இவ்வகைச் செருகி துவாரத்தினுள் நுழையும்போது நுனியும் தண்டும் ஒரு கணம் குறுக்கே தொட்டுக்கொள்ளக்கூடும். ஆகவே செருகியை முதலிற் பெட்டியிற் பொருத்தி, அதன் பின்னரே மின்வழங்கியைச் சுவரிற் செருகுவது நன்று.

மீண்டும் போட்டோம். மழை நின்றது, திரை கறுத்தது. மகள் முகம் வாடியது. நமக்கோ மகிழ்ச்சி. ஒலிபரப்பி உயிரோடிருக்கிறது என்று திரையே சொல்லிவிட்டதல்லவா?

அடுத்து விளையாட்டுப் பேழை. பேழையின் விளிம்பிலுள்ள செப்புப் பட்டைகள் கறுத்திருந்தன. இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பேழை ஓடாவிட்டால் அதை வாயிலே வைத்து ஊதுவது உலகெங்குமுள்ள பிள்ளைகளின் பழக்கம். ஊதியபின் ஓடுவதுமுண்டு, ஆனால் ஓடச்செய்தது ஊதியதன்று, கழற்றி மறுபடி செருகியதே. ஊதிய வாய்க்காற்றின் ஈரம் செப்பிற் படிந்து மேலும் கறுக்கச் செய்யும். நம் கடலோர நகரங்களிலோ உப்புக் காற்றும் அதற்குத் துணைபோகிறது. பஞ்சில் அற்ககோலை நனைத்துத் துடைத்தோம். பஞ்சு கரியாக வந்தது. துடைத்துச் செருகியவுடன் படம் வந்தது. வந்ததென்றாலும் என்ன படம்! இரண்டு அகன்ற கருநிழற் பட்டைகள் திரையில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தன. ஓரங்கள் பாம்புபோல் நெளிந்தன. ஐந்து நிமிடத்திற் படம் சிதறி மறைந்தது.

இப்போதுதான் பெட்டியைத் திறந்தோம். அடியில் நான்கு திருகாணிகள். உள்ளே பலகையைத் தகரக் கவசம் மூடியிருந்தது. சிப்புகளைத் தொடுமுன் நிலமின்னிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டோம்.

இங்கே பார்க்கவேண்டிய முக்கிய உறுப்பு 7805 எனப்படும் மூன்று கால் ரெகுலேற்றர். ஒரு காலில் ஏறத்தாழ ஒன்பது வோல்ற்று நுழையும், மறுகாலில் ஐந்து வோல்ற்று வெளியேறும், நடுக்கால் நிலம். சிப்புகள் அனைத்தும் அந்த ஐந்தையே உண்பன. வெளியேறுவது 4.8 இற்கும் 5.2 இற்கும் இடையே இருந்தால் உறுப்பு நலம். நுழைவது சரியாக இருந்து வெளியேறுவது சுழியானால் உறுப்பு இறந்தது. நுழைவதே அப்படியே வெளியேறுமானால் சிப்புகளும் கூடவே இறந்திருக்கலாம். நமது பெட்டியில் வெளியேறியது 4.5; அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. பின்னோக்கிச் சென்று நெம்பாளியின் இருபுறமும் அளந்தோம். முன்புறம் 9.3, பின்புறம் 8. ஒரு நெம்பாளி 1.3 வோல்ற்றை விழுங்குவதென்றால் அதன் தொடுகைகளில் ஒக்சைட்டுப் படிந்துள்ளது என்பதே பொருள். அற்ககோலை இரண்டு சொட்டு விட்டு, மின்னைக் கழற்றியபின், ஐம்பது முறை போட்டு அணைக்குமாறு மகளிடம் சொன்னோம். அவர் எண்ணி எண்ணிச் செய்தார். இழப்பு நூறிலொரு பங்கு வோல்ற்றாகக் குறைந்தது.

ஆயினும் திரையின் இரு பட்டைகள் போகவில்லை. அவை இரண்டாக இருப்பதிலேயே விடை இருக்கிறது. நம் நாட்டு மின் செக்கனுக்கு 50 முறை திசைமாறுவது. முழு அலைச் சீராக்கத்தின் பின் அது செக்கனுக்கு 100 மேடுகளாகும். தொலைக்காட்சி செக்கனுக்கு ஏறத்தாழ 50 முறை திரையை மேலிருந்து கீழ் வரைகிறது. ஆகவே ஒருமுறை வரைவதற்குள் இரண்டு மேடுகள், இரண்டு பட்டைகள். மேடுபள்ளத்தைச் சமப்படுத்த வேண்டிய உறுப்பு தன் கடமையைச் செய்யவில்லை. அது பலகையிலுள்ள 2200 மைக்குரோபரட்டு மின்பகு கொள்ளளவி.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். இழுக்கும் மின்னோட்டம் 0.4 அம்பியர் எனக் கொள்வோம். இரு மேடுகளுக்கிடையே செக்கனில் நூறிலொரு பங்கு நேரம். அந்நேரத்திற் கொள்ளளவி தன்னிடமுள்ளதைக் கொடுத்துக் காக்கவேண்டும். மின்னோட்டத்தை நேரத்தாற் பெருக்கிக் கொள்ளளவத்தால் வகுத்தால், அழுத்தம் ஏறத்தாழ 1.8 வோல்ற்று இறங்கும் என்று வருகிறது. இதைப் பெட்டி தாங்கும். கொள்ளளவி முதிர்ந்து காற்பங்கே எஞ்சியிருக்குமானால், இதே கணக்கு 7 வோல்ற்றுக்கு மேற்பட்ட பள்ளத்தைக் காட்டும். 7805 ஐந்தைக் கொடுக்க வேண்டுமானால் அதற்கு ஏழேனும் வேண்டும். பள்ளம் ஏழுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ஐந்தும் சரியும். பன்மானியோ சராசரியைக் காட்டி, எட்டு இருக்கிறதே என்று நம்மை ஏமாற்றும். வரவு நின்றபோது இறைக்கும் தண்ணீர்த் தொட்டியில் பாதிக்கு மேல் மண் நிரம்பினாற் போன்றது இது.

இவ்வுறுப்பு ஏன் முதிர்கிறது? அதனுள் ஈரமான மின்பகு திரவம் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது உலர்ந்துவிடும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ரெகுலேற்றருக்கு அருகே, அதுவும் கொழும்பு வெயிலில், நாற்பது ஆண்டுகள்! கெட்டதிற் குறையில்லை.

புதிய கொள்ளளவி கடையில் ஒரு தேநீரின் விலைக்குள் கிடைத்தது. 2200 மைக்குரோபரட்டு, 25 வோல்ற்று. பழையதைவிட வோல்ற்று கூடியிருந்தாற் குற்றமில்லை, குறையக்கூடாது. உடலிற் கோடிட்ட பக்கம் மறை. திருப்பிப் போட்டால் வெடிக்கும், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகளையே பற்றவைக்கச் சொன்னோம். முதற் பற்று உருண்டையாக, மங்கலாக நின்றது, உருக்கி எடுத்து இரண்டாம் முறை வைத்தார், பளபளத்தது. ரெகுலேற்றருக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே காய்ந்து உதிர்ந்திருந்த வெள்ளைப் பசையையும் புதுப்பித்தோம். படம் ஐந்து நிமிடத்தில் மறைந்ததற்கு அவ்வெப்பமும் ஒரு காரணமாகலாம். மிகச் சூடேறினால் 7805 தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இயல்புடையது.

4.98 வோல்ற்று. ஆடவில்லை. திரையில் இரு சிறு தாங்கிகள், மதில்கள், மேலே இலக்கங்கள். எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றன. பெட்டியுடன் சேர்த்தே விற்ற 'கொம்பற்' என்னும் விளையாட்டு அது.

ஆனால் ஒலி இல்லை. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரியா சிப்புப் போய்விட்டதா, மாமா? அது புதிதாகக் கிடைக்காதே" என்றார். அவருடைய ஐயம் நியாயமானதே. படத்தையும் ஒலியையும் ஆக்குவது ஒரே சிப்பு. ஒலிப்பகுதி மாத்திரம் கெடுவதுமுண்டு. நாமும் ஒருகணம் அவ்வாறே எண்ணினோம். அப்பொழுது அடியிலிருந்த ஒட்டுத்தாளின்மேல் கண் சென்றது. இலண்டனில் வாங்கிய பெட்டி!

பிரித்தானியாவும் இலங்கையும் ஒரே 'பால்' நிறமுறையைக் கைக்கொண்ட நாடுகள். ஆகவே படம் வண்ணத்தோடு ஒழுங்காக வரும். ஆனால் படத்திற்கும் ஒலிக்கும் இடையேயுள்ள அலைத்தூரம் ஒன்றல்ல. பிரித்தானியாவின் 'ஐ' முறையில் ஒலி 6 மெகாஹேட்ஸ் தள்ளி நிற்கும். நம் நாட்டின் 'பீ-ஜீ' முறையில் 5.5 இல் நிற்கும். நம் தொலைக்காட்சி 5.5 இற் செவிவைத்துக் காத்திருக்க, நண்பரின் பெட்டி அடுத்த வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. பெட்டியிற் பழுதே இல்லை.

தொலைக்காட்சியின் தொலையியக்கியை எடுத்து அமைப்புப் பட்டியலைத் திறக்கச் சொன்னோம். 'ஒலி முறை' என்று ஒரு வரி இருந்தது. 'பீ-ஜீ' யை 'ஐ' ஆக மாற்றினார். இரண்டு தாங்கிகளின் இயந்திரங்களும் ஒருங்கே உறுமின.

அவ்வொலி அடுக்களை வரை கேட்டிருக்கவேண்டும். நண்பரின் துணைவியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "இந்தச் சத்தம்தான்," என்றார், "கலியாணமாகி வந்த புதிதில் இரவு பன்னிரண்டு மணிவரை இந்தச் சத்தம்தான். எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன்."

இன்னுமொரு சிறு குறை எஞ்சியிருந்தது. இடப்புறத் தாங்கி ஒருபக்கம் திரும்ப மறுத்தது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: இரண்டு ஜோய்ஸ்ரிக்குகளையும் இடம் மாற்றுவது. குறை ஜோய்ஸ்ரிக்கோடு சேர்ந்து மறுபக்கம் சென்றால் பழுது அதிலேதான். அதே துவாரத்தில் நின்றால் பழுது பெட்டியினுள். பெட்டியினுள்ளாயின், திசைகளைப் படிப்பது 6532, சுடும் பொத்தானைப் படிப்பது ரியா. எது கெட்டதோ அதைக்கொண்டு சிப்பையும் ஊகிக்கலாம். நமது குறை ஜோய்ஸ்ரிக்கோடு சென்றது. திறந்து பார்த்தால் ஒரு கம்பி அதன் ஆணியிலிருந்து கழன்றிருந்தது. தள்ளிச் செருகினோம், தீர்ந்தது.

'கொம்பற்' தனியே ஆடக்கூடிய விளையாட்டன்று, இருவர் வேண்டும். மகள் ஒரு ஜோய்ஸ்ரிக்கைத் தாம் எடுத்துக்கொண்டு மற்றதை நம்மிடம் நீட்டினார். நாம் வாங்குமுன் தாயார் வந்து அமர்ந்து அதைக் கையிலெடுத்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில் மகள் ஏழு, தாயார் பத்தொன்பது. மதிலின் மூலையில் ஒளிந்திருந்து சுடும் உபாயத்தை அவர் மறக்கவில்லை.

வீடு மாறும் பொருள்களின் பட்டியலில் பெட்டி இப்போது எழுதப்பட்டுள்ளது. மின்வழங்கியின் வடத்தைச் சுருட்டும்போது கழுத்தை மடக்கவேண்டாம் என்று அட்டைப் பெட்டியின்மேல் மகள் எழுதி ஒட்டியிருக்கிறார்.